மஞ்சள் தண்ணீரில் அடையாறு வரை

சென்னையைப் பார்க்காதவர்களுக்கு முதலில் தூரத்தைச் சொல்லிவிடுகிறேன். அபிராமபுரத்தில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து அடையாறில் அந்த நர்சிங் ஹோம் வாசல் வரை நாலரை கிலோமீட்டர். பஸ்ஸில் இருபது நிமிடம். வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். தொண்ணூற்று மூன்றாம் வருடக் கோடையில் ஒரு வியாழக்கிழமை நான் காரில் காலை எட்டரைக்குப் புறப்பட்டு, மாலை ஐந்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். இமயத்துக்கும் லண்டனுக்கும் போனவர்கள் எழுதட்டும். நான் போனது இவ்வளவுதான்.

நர்சிங் ஹோமில் இருந்தவள் என் அக்கா வசந்தா. சாந்தோமில் ஒரு பள்ளியில் முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தாள். மொட்டை மாடிப் படியில் சறுக்கித் தொடையெலும்பு முறிந்து ஆறு வாரம் படுக்கை. அன்றைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எந்த வீட்டுக்கு என்பதுதான் கேள்வி. பம்பாயிலிருந்து அவள் மகன் முரளி, கையில் இரண்டு டிக்கெட்டோடு வந்திருந்தான். அன்றிரவு ரயில்.

"அவசரத்துக்கு ஒரு வண்டி கிடையாது. மாமாவோட காரை நம்பி அம்மாவைத் தனியா விட முடியுமா? பத்து தடவையில நாலு தடவை வரும்" என்றான் முந்தின நாள்.

அக்கா படுத்தபடியே அவனோடு பேரம் பேசினாள். "நாளைக்குச் சாயங்காலம் நீ சொல்ற அஞ்சு மணிக்குள்ள உன் மாமா சேஷு காரோட வந்தா நான் என் ஆத்துக்குப் போறேன். வரலேன்னா உன்னோட பம்பாய். சரியா?"

அவள் காலை இன்னும் மடக்கக்கூடாது. ஆட்டோவில் ஏற முடியாது. ஆம்புலன்ஸ் என்றால் அவளுக்கு ஆகாது. "அதுல நம்ம தெருவுக்குள்ள போனா பின்னாலயே மாலையோட வந்துடுவா" என்றாள். காலை நீட்டிப் படுக்கத் தோதாக என் பழைய வண்டியின் பின் சீட், நடுவில் பிளவில்லாத ஒரே நீளத் திண்டு. வண்டியின் பெயரைச் சொல்லவில்லை. அந்த நாளில் நம் தெருக்களில் ஓடியது இரண்டு மூன்று வகைதான். உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். வயது இருபத்திரண்டு. நிறம், ஒரு காலத்தில் பச்சை.

காலை ஆறரை. வண்டிக்கு அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஈரம். ஒரு மாதமாகவே தினம் இரண்டு செம்பு தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்த ரேடியேட்டர் அன்றைக்கு நாலு செம்பு குடித்தது. நான் ஊற்றியது போர் தண்ணீர். எங்கள் தெருவில் இரண்டு ஜாதித் தண்ணீர் உண்டு. லாரியில் வருவது நல்ல தண்ணீர், குடிக்கவும் சமைக்கவும். மோட்டார் போட்டு ஏற்றுவது உப்புத் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும். கார், மற்ற எல்லாவற்றிலும் சேர்த்தி.

மஞ்சள் பொடியைக் கரைத்து ஊற்றினால் ஓட்டை தானாக அடையும் என்று லாரிக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். லலிதாவிடம் பொட்டலத்தைக் கேட்டேன்.

"காருக்கா? முழுசையும் குடுத்துட்டா சாம்பாருக்கு என்ன பண்றது?" என்றாள் என் மனைவி. பாதிதான் தந்தாள்.

கரைத்து ஊற்றினேன். கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுக் குனிந்து பார்த்தேன். சொட்டு இல்லை. எனக்கு நானே மெக்கானிக் என்று ஒரு கர்வம், காலை வெயிலைப் போல மெல்ல ஏறிற்று. ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஓஸ்தான் கசிகிறது என்று தீர்மானித்திருந்தேன். தேனாம்பேட்டையில் புது ஓஸ் வாங்கி மாட்டிவிட்டுப் பதினொரு மணிக்கு அடையாறு. திட்டம் அதுதான்.

எட்டரை. புறப்பாடு. ஆழ்வார்பேட்டை வரை வேப்பம்பூ உதிர்ந்த தெருக்கள். எல்டாம்ஸ் சாலையில் பள்ளிக்கூட ரிக்‌ஷாக்கள், பால் கேன் சைக்கிள்கள், ஒரு பெண் தோளில் வீணைப் பெட்டி. வெப்ப மீட்டர் முள் நடுவில் நின்றது. எனக்கு ஒரு பழக்கம்: வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை உலகம் என் பக்கம் இருப்பதாக நினைத்துக்கொள்வேன். நின்றுவிட்டால்தான் தெருவின் முகம் தெரியும்.

எட்டு ஐம்பது. தேனாம்பேட்டை சிக்னலில் நின்றது. இரண்டே முக்கால் கிலோமீட்டர் வந்திருந்தேன். முள் சிவப்பைத் தாண்டிப் படுத்துவிட்டது. பானெட்டின் விளிம்பெல்லாம் ஆவி. அண்ணாசாலை முழுக்க எனக்குப் பின்னால் ஒலிப்பான்களாக மாறிற்று.

போக்குவரத்துக் காவலர் வந்து கண்ணாடியைத் தட்டினார். "இன்னா சார், நடுரோட்டுல இட்லி அவிக்கிறியா?"

அவர் கைகாட்ட, ஒரு ஆட்டோ பின்னால் வந்து நின்றது. ஓட்டுநர் ஒரு காலை வெளியே நீட்டி என் பம்பரில் மிதித்தார். "நியூட்ரல்ல போட்டுக்கோ நைனா. ஸ்டியரிங்க மட்டும் நீ பாத்துக்கோ. மத்தத என் காலு பாத்துக்கும்." ஆட்டோவின் எஞ்சினும் அவருடைய வலது காலுமாகச் சேர்ந்து என்னை அண்ணாசாலையின் குறுக்கே தள்ளி, தியாகராய சாலையில் அரை கிலோமீட்டர் ஏற்றி, தி. நகரின் ஒரு குறுக்குத் தெருவில் தூங்குமூஞ்சி மரத்தடியில் விட்டன. பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார். "தர்மண்ணே, கிராக்கி!" என்று மரத்தைப் பார்த்துக் கத்திவிட்டுப் போனார்.

மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தவர் தர்மன். ஐம்பதை ஒட்டிய வயது, என்னைப்போல. வாயில் வெற்றிலை, இடுப்பில் அழுக்குத் துணி. அந்த மரத்தடிதான் அவருடைய பட்டறை. வேரில் ஸ்பேனர்கள், கிளையில் சட்டை. நான் ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன்.

"தொறக்காத! தொறக்காத சார்! மூஞ்சி வெந்துடும். ஆறட்டும். அதுவும் ஆறட்டும், நீயும் ஆறு."

ஆறும் நேரத்தில் நான் தேனாம்பேட்டைக்கு நடந்து போய் எழுபது ரூபாய்க்குப் புது ஓஸ் வாங்கி வந்தேன். தர்மன் அதை வாங்கி ஒருமுறை வளைத்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"சூப்பர் ஓஸ். ஊட்டுக்கு எடுத்துக்கினு போய் செடிக்குத் தண்ணி ஊத்து. உன் பழைய ஓஸ் நல்லாத்தான் கீது."

"அப்ப எங்கே ஒழுகுது?"

"அதான சார் தெரில. பாரு, எங்க பாத்தாலும் வெள்ள வெள்ளயா கீது."

உண்மைதான். எஞ்சின் மேல், ரேடியேட்டர் அடியில், பம்ப்பைச் சுற்றி, எங்கும் வெள்ளைக் கோடுகள். என்றைக்கோ ஒழுகியது, நேற்று ஒழுகியது, சும்மா தெறித்தது என்று எல்லாம் ஒரே மாதிரி காய்ந்து நின்றன. தர்மன் ஒரு கோட்டை நகத்தால் சுரண்டி நாக்கு நுனியில் வைத்தார். துப்பினார்.

"உப்பு. எந்த ஏரியா? மைலாப்பூரா?"

"அபிராமபுரம்."

"போர் தண்ணியா?"

"ஆமாம்."

"நீ இன்னா குடிக்கிற?"

நான் புது ஓஸைச் சுருட்டினேன். அவரே சொன்னார்: "நீ நல்ல தண்ணி குடிச்சிக்கினு அதுக்குக் கடல் தண்ணிய ஊத்திக்கிற. இரும்பு சார் அது. உப்பு தின்னா செரிக்குமா?" அதற்குள் எஞ்சின் ஆறியிருந்தது. ஈரக் கோணியைப் போட்டு மூடியைத் திறந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இது இன்னாது?"

"மஞ்சள் பொடி."

"பருப்பு போடலியா?"

அந்த மஞ்சள், ஓட்டையை அடைப்பதற்கு முன்னால் ரேடியேட்டரின் பொடிக் குழாய்களைப் பாதி அடைத்திருந்தது. தண்ணீர் ஓட வழியில்லாமல் சிக்னலில் பொங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். நான் மரத்தின் வேரில் உட்கார்ந்தேன். மணி பதினொன்று. இதே நேரத்துக்கு அக்காவின் காலைப் பிடித்துப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டியவன். அக்காவைப் பற்றியும் முரளியின் கெடுவைப் பற்றியும் தர்மனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே அவர் அடுத்த வெற்றிலையை எடுத்து, டப்பாவிலிருந்து சுண்ணாம்பைத் தொட்டுத் தடவினார். தடவியவர் நிறுத்தினார். விரலைப் பார்த்தார். ரேடியேட்டரைப் பார்த்தார்.

"சார். மஞ்சத் தண்ணியில சுண்ணாம்பு போட்டா இன்னா ஆவும்?"

தமிழ் வீடுகளில் யாரைக் கேட்டாலும் தெரியும். கல்யாணப் பெண் வாசலில் நிற்கிறாள், தட்டில் மஞ்சள் நீர், ஒரு துளி சுண்ணாம்பு விழுகிறது, நீர் சிவக்கிறது.

"ஆரத்தி" என்றேன்.

"அதான். எட்றா ஆரத்திய."

அவர் செய்ததை இதற்கு முன்னும் பின்னும் நான் எங்கும் பார்த்ததில்லை. ரேடியேட்டரில் மிஞ்சியிருந்த மஞ்சள் தண்ணீரோடு குழாய்த் தண்ணீர் சேர்த்து நிரப்பினார். எஞ்சினைத் துணியால் துடைத்துக் காயவைத்தார். பிறகு விரல் நுனியால் சந்தேகப்பட்ட இடங்களிலெல்லாம் சுண்ணாம்புப் பொட்டு வைத்தார். ஓஸின் இரண்டு முனை, தண்ணீர் பம்ப், ரேடியேட்டர் அடி, எஞ்சினின் மேல்மூடி சேரும் இடம். கடைசியாக எஞ்சினின் பக்கவாட்டில் கண்ணுக்கே தெரியாத இடுக்கில் கையை விட்டுத் தடவி மூன்று பொட்டு. அங்கே ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, வார்ப்பு இரும்பின் துளைகளை மூடிய தகரத் தட்டுகள் இருக்கின்றன. வாட்டர் பிளக் என்றார். எஞ்சினை ஓடவிட்டார்.

நாங்கள் இருவரும் குனிந்து நின்றோம். எட்டு வெள்ளைப் பொட்டு. மரத்திலிருந்து ரோஜா நிறப் பூ இழை ஒன்று விழுந்து சூட்டில் சுருண்டது. பாண்டி பஜாரின் இரைச்சல் வேறு ஊரிலிருந்து கேட்பதுபோல் இருந்தது. கால் மணி, இருபது நிமிடம். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. தர்மன் சட்டைப் பையிலிருந்து சவரக் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து இடுக்குக்குள் நீட்டி, சாய்த்து, என் தோளைப் பிடித்து இழுத்தார்.

"பாரு சார்."

கண்ணாடிக்குள் மூன்று பொட்டு. இரண்டு வெள்ளை. கடைசியில் இருந்தது குங்குமம்.

எவ்வளவு நேரம் பார்த்தேனோ. அந்தச் சிவப்பிலிருந்து ஒரு மெல்லிய இழை கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக என்னை ஏமாற்றிய இடம். ஊசித் துளை. உள்ளிருந்து உப்பு தின்ற தகரம்.

பன்னிரண்டே முக்கால். தெருமுனைக் கடையில் ஒரு ரூபாய்க் காசு போட்டு நர்சிங் ஹோமுக்குப் போன் செய்தேன். முரளி வந்தான்.

"கண்டுபிடிச்சாச்சு முரளி. ஒரு சின்ன பிளக்தான்."

"எங்கேருந்து பேசறேள் மாமா?"

"தி. நகர்."

"அஞ்சு வரைக்கும் பாக்கறேன். அப்புறம் ஸ்டேஷனுக்கு ஆம்புலன்ஸ் சொல்லிடுவேன். அம்மா பெட்டியெல்லாம் கட்டியாச்சு." பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது: "சாப்பிட்டானான்னு கேளு."

தர்மன் வண்டிச் சாமான் கடைகள் உள்ள புதுப்பேட்டைக்கு மொபெட்டில் போய்ப் பித்தளை பிளக் மூன்று வாங்கிவர இரண்டரை ஆயிற்று. பித்தளை துருப்பிடிக்காது, ஒன்று போனால் மற்றதும் பின்னாலேயே போகும், மூன்றையும் மாற்றிவிடலாம் என்றார். ஒன்று ஆறு ரூபாய். உளியால் பழையதை ஓரத்தில் தட்டிச் சாய்த்து நெம்பி எடுத்தார். அது என் உள்ளங்கையில், மேலே தகரமும் கீழே சல்லடையுமாக இருந்தது. துளையின் விளிம்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பசை தடவி, புது பிளக்கை வைத்து, அளவான இரும்பு உருளை ஒன்றை அதன்மேல் பிடித்துச் சுத்தியலால் நாலே தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் ஒலி மாறியது. நாலாவதில் கோயில் மணிபோல ஒரு முழுமை. "ஒக்காந்துடுச்சு" என்றார். மற்ற இரண்டையும் அப்படியே மாற்றினார். பிறகு ரேடியேட்டரைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்து, பக்கத்து வீட்டுக் குழாயடியில் மஞ்சள் போகும்வரை அலசினார்.

நாலு மணி. எல்லாம் தயார், தண்ணீர் தவிர.

"உப்பு வேணாம். மறுபடியும் உப்பு ஊத்துனா நான் கைய வெக்க மாட்டேன். நல்ல தண்ணி ஏழு லிட்டர் கொண்டா."

தெருமுனையில் அப்போதுதான் தண்ணீர் லாரி வந்து நின்றிருந்தது. நாற்பது ஐம்பது பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில், ஒவ்வொன்றுக்கும் ஒரு குரல். அந்த வரிசைக்குப் போய்க் காருக்குத் தண்ணீர் கேட்க வேண்டும். என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நான் நடந்ததில்லை. நிறைந்த நீலக் குடத்தை இடுப்பில் வைத்துத் திரும்பிய ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

"காருக்கா?" அவள் குரலுக்கு வரிசையே திரும்பியது. "ஏய், இங்க பாருங்கடி, இவுரு காருக்குத் தாகமாம்! ரெண்டு நாளா புள்ளங்க குளிக்கல. ஒங்க ஊட்ல குழா இல்லியா?"

"இருக்கும்மா. உப்பு."

"எங்களுக்கு மட்டும் இன்னா, பன்னீரா வருது?"

உள்ளதைச் சொன்னேன். அக்கா. கால். ஐந்து மணி. பம்பாய்.

"அந்தம்மாக்குப் போவ இஷ்டமா?"

"இல்லை."

"அப்றம் இன்னாத்துக்குப் போவுது?" குடத்தை இறக்கித் தரையில் வைத்தாள். "எடுத்துக்கினு போ. காசெல்லாம் வேணாம், பைய மூடு. குடம் வேணும். வள்ளின்னு கேளு, மூணாவது ஊடு. குடம் வர்ல, அப்றம் உன் கார் இந்தத் தெருவுல நொழையாது."

முக்கால் குடம் ரேடியேட்டர் குடித்தது. கால் குடத்தைத் தர்மன் தன் கையாலேயே பின் சீட்டுக்குக் கீழே வைத்தார், வழியில் தேவைப்படலாம் என்று. கூலி நூற்றிருபது. ஓஸை வைத்துக்கொள்ளச் சொன்னேன். "எனக்குச் செடி இல்ல சார்" என்றார்.

நாலு ஐம்பது. நந்தனம், கோட்டூர்புரம் பாலம். கீழே கூவத்துக்குத் தங்கையான அடையாறு, கோடையில் இளைத்துக் கரும்பச்சை நாடாவாக. ஆறு கிலோமீட்டரும் நான் சாலையைப் பார்க்கவில்லை, முள்ளைத்தான் பார்த்தேன். அது நடுவில் ஒரு யோகியைப் போல் உட்கார்ந்திருந்தது. வழியில் லெவல் கிராசிங் இல்லை, ஊர்வலம் இல்லை, வெறும் சிக்னல்கள். ஒவ்வொன்றும் எனக்காகவே சிவந்தது.

ஐந்தேகால். நர்சிங் ஹோம் வாசலில் சக்கர நாற்காலியில் அக்கா. பக்கத்தில் இரண்டு பெட்டி. முரளி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கால் மணி லேட்" என்றான்.

"அஞ்சுங்கறது நீ வெச்சது. நான் ஆறு வரைக்கும் போகமாட்டேன்னு டாக்டர்கிட்ட சொல்லியாச்சு" என்றாள் அக்கா.

முரளி விடவில்லை. எஞ்சினை அணைக்கக்கூடாது, பத்து நிமிடம் ஓடட்டும், சொட்டு விழுந்தால் பம்பாய் என்றான். நியாயம்தான். மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காவலாளியும் சேர்ந்துகொண்டார். ஆறாவது நிமிடத்தில் சிமெண்ட் தரையில் ஒரு ஈரப் புள்ளி விழுந்தது. அடுத்து ஒன்று. அப்புறம் ஒரு சிறு கோடாக ஓடிற்று.

நான் பானெட்டைத் திறக்கப் போனேன்.

"சொன்னேனே மாமா" என்றான் முரளி. அவன் குரலில் வெற்றி இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

அக்கா நாற்காலியிலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "டேய், எஞ்சின் எங்க இருக்கு?"

"முன்னாடி."

"தண்ணி எங்க சொட்டறது?"

பின் கதவுக்கு அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் கதவைத் திறந்தேன். சீட்டுக்குக் கீழே வள்ளியின் நீலக் குடம் சாய்ந்து கிடந்தது. மிச்சத் தண்ணீர் தரை விரிப்பை நனைத்து, இருபத்திரண்டு வருடத் துருவின் ஓட்டை வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

"உன்னைக் கணக்குல நான் பாஸ் போடலை, வேற யாரோ போட்டிருக்கா" என்றாள் அக்கா மகனிடம். "இது யார் குடம்?"

சொன்னேன். முழுவதையும், வரிசை சிரித்ததையும் சேர்த்து.

"குடத்தைத் திருப்பித் தரணும்னு சொன்னாளோல்லியோ? அப்ப நேரா தி. நகர். அப்புறம் கடல். அப்புறம் ஆத்துக்கு." ஆறு வாரமாகக் கூரையை மட்டும் பார்த்தவள் சாந்தோம் வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தாள். "காலிக் குடமாவா குடுப்பா? முரளி, உள்ள நல்ல தண்ணிக் குழாய் இருக்கு. கேட்டு ரொப்பிண்டு வா."

ஆறேகால். தி. நகர். பின் சீட்டில் அக்கா காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். முன் சீட்டில் முரளி, மடியில் நிறைகுடம், இஸ்திரி போட்ட சட்டை வயிறு வரை ஈரம். மூன்றாவது வீட்டு வாசலில் வள்ளி குடத்தை வாங்கித் தூக்கிப் பார்த்தாள். பிறகு காருக்குள் குனிந்து பார்த்தாள்.

"நீதான் பம்பாய் போவாத அம்மாவா?"

"நான்தான்" என்றாள் அக்கா.

"நல்லதாப் போச்சு. அந்த ஊர்ல யாரு குடத்தத் திருப்பிக் குடுப்பாங்க?"

தர்மன் மரத்தடியில் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். கண்ணாலேயே "முள்?" என்று கேட்டார். கண்ணாலேயே நடுவில் என்றேன்.

ஆறு ஐம்பது. சாந்தோம். மீனவர் குப்பத்துக்கு அப்பால் கட்டுமரங்கள் கவிழ்ந்து கிடந்தன. கடல் வெளிச்சத்தின் கடைசிக் காசுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. எஞ்சினை அணைக்கப் போனேன். "வேண்டாம், ஓடிண்டே இருக்கட்டும்" என்றாள் அக்கா. அப்படியே பார்த்தோம், எஞ்சினின் நடுக்கத்தில் கடலும் கொஞ்சம் நடுங்கியது. அந்த உப்புதான் எங்கள் கிணறுகளுக்குள்ளும் வந்து, என் செம்பு வழியாக அந்தத் தகரத்தையும் தின்றது. அன்று மொத்தம் இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடியிருந்தேன். வீடு இன்னும் மூன்று.

முரளி இறங்கி, யாரும் சொல்லாமலே, காரின் முன்பக்கம் குனிந்து தரையைப் பார்த்தான். விரலால் தடவியும் பார்த்தான். உலர்ந்த மணல். திரும்பி வந்து உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து ஈரமான இரண்டு டிக்கெட்டுகளை எடுத்து, ஒன்றை மட்டும் காய வைப்பதுபோல டாஷ்போர்டில் விரித்தான்.

"மாமா, எனக்கு ராத்திரி வண்டி. அம்மாவை ஆத்துல விட்டுட்டு என்னை சென்ட்ரல்ல கொண்டு விட்டுடறேளா?"

நான் வாய் திறப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஆட்டோல போடா. வண்டி காலையிலேர்ந்து ரொம்ப அலைஞ்சுடுத்து."